ஜீரோ உள்ளே வந்துவிட்டதா? இரு விகிதங்களின் வித்தியாச இடைவெளி: அறிகுறியும் பழுதுபார்ப்பும்

"சார், ஜீரோ உள்ள வந்துடுச்சு. என் ஆராய்ச்சி போச்சா?"

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் இந்த மாதிரி போன் வராமல் இருக்காது. இந்த முறை பேசியவர் சமூகப்பணி படிக்கும் மாணவி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவும் பாடம் நடத்தி, பாடம் கேட்ட 200 பேரையும் கேட்காத 200 பேரையும் விசாரித்திருக்கிறார். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதாகச் சொன்னவர்கள் பாடம் கேட்டவர்களில் 120 பேர், கேட்காதவர்களில் 100 பேர். அதாவது 60%, 50%. வித்தியாசத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு, −0.2 முதல் 20.2 வரை என்று கணினி சொல்லிவிட்டது. வித்தியாசமே இல்லை என்பதற்கான ஜீரோவும் அதற்குள் வந்துவிடுகிறது. தோழியின் மடிக்கணினியிலோ அதே எண்களுக்கு 0.3 முதல் 19.7. "எது சார் சரி?"

பதிலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்குமுன் இந்த இடைவெளியைப் படிப்பதில் வழக்கமாக வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகப் பார்த்துவிடலாம். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு நிஜக் கணக்கு வேண்டும். 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய மருத்துவர்கள் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். 40 முதல் 84 வயது வரையிலான 22,071 ஆண் மருத்துவர்கள். குலுக்கல் முறையில் 11,037 பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின். 11,034 பேருக்கு அதே போலத் தெரியும் வெற்று மாத்திரை. சராசரியாக ஐந்து ஆண்டுகள் கண்காணித்து 1989-ல் வெளியான இறுதி அறிக்கையில், மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 139, வெற்று மாத்திரைப் பக்கம் 239.

விகிதங்கள் 1.26%, 2.17%. கழித்தால் 0.91. திட்டப்பிழைக்கு (மாதிரிக்கு மாதிரி இந்த வித்தியாசம் எவ்வளவு ஆடும் என்ற அளவுக்கு), ஒவ்வொரு குழுவிலும் விகிதத்தை (1 − விகிதம்) ஆல் பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்: 0.175 சதவீதப் புள்ளி வருகிறது. 95% இடைவெளிக்கான பெருக்கி 1.96; அதால் பெருக்கினால் 0.34. தசமங்களை இடையில் வெட்டாமல் போட்டால் இடைவெளி 0.56 முதல் 1.25 வரை. இதை நான் பத்தாயிரம் பேர் கணக்கில்தான் சொல்வேன்: ஐந்தாண்டில் பத்தாயிரம் பேருக்கு 56 முதல் 125 மாரடைப்பு வரை குறைந்திருக்கலாம். தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: இடைவெளி முழுக்க மைனஸில் நிற்கிறது

பயப்பட ஒன்றுமில்லை. எதிலிருந்து எதைக் கழித்தது என்று பாருங்கள். பல மென்பொருள்கள் குழுவின் பெயரை அகரவரிசையிலோ எண்வரிசையிலோ வைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிடும். மேலே உள்ள கணக்கில் ஆஸ்பிரினை முதலில் வைத்தால் −1.25 முதல் −0.56 என்று வரும். செய்தி அதேதான்.

ஆனால் வாக்கியம் எழுதும்போது இரண்டு மைனஸ் சேர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "மாரடைப்பு −0.56 முதல் −1.25 வரை குறைந்தது" என்று எழுதினால் கூடியது என்றாகிவிடும். அட்டவணைத் தலைப்பிலேயே "வெற்று மாத்திரை கழித்தல் ஆஸ்பிரின்" என்று எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அறிகுறி: "ஆஸ்பிரின் மாரடைப்பை 0.9 சதவீதம் குறைத்தது" என்று எழுதிவிட்டேன், வழிகாட்டி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்

வட்டம் நியாயமானதுதான். 2.17% என்பது 1.26% ஆனால், அது 0.91 சதவீதப் புள்ளிக் குறைவு. ஒப்பீட்டு அளவில் பார்த்தால் ஏறக்குறைய 42 சதவீதக் குறைவு, ஏனென்றால் 1.26 என்பது 2.17-இல் 58 சதவீதம். இரண்டும் ஒரே நிகழ்வு. விளம்பரம் எழுதுபவர் 42-ஐ எடுப்பார், மாத்திரையை எதிர்ப்பவர் 0.9-ஐ எடுப்பார். நம் இடைவெளி வித்தியாசத்துக்கானது. அதன் இரு முனைகளும் சதவீதப் புள்ளிகளில்தான் பேசும். ஒப்பீட்டு அளவுக்கு இடைவெளி வேண்டுமானால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. வித்தியாசத்தின் முனைகளை 2.17-ஆல் வகுத்து ஒப்பேற்றக் கூடாது, அந்த 2.17-ம் மாதிரியிலிருந்து வந்த, ஆடக்கூடிய எண்தான்.

வித்தியாசத்தில் எனக்குப் பிடித்த ஒரு வசதி, அதைத் தலைகீழாக்கலாம். 0.0125-க்கு 80, 0.00564-க்கு ஏறக்குறைய 177. ஐந்தாண்டில் ஒருவருக்கு மாரடைப்பு தவிர்க்க 80 முதல் 177 பேர் வரை மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரிடம் இப்படிச் சொன்னால் உடனே புரியும். இடைவெளிக்குள் ஜீரோ இருந்தால் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜீரோவைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அறிகுறி: ஜீரோ உள்ளே இருக்கிறது, "வித்தியாசம் இல்லை" என்று முடிவுரை எழுதிவிட்டேன்

அதிகம் பேரைக் கவிழ்க்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அதே ஆஸ்பிரின் ஆய்வில் மூளையில் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்தையும் எண்ணினார்கள். ஆஸ்பிரின் பக்கம் 23 பேர், வெற்று மாத்திரைப் பக்கம் 12 பேர். பத்தாயிரத்துக்குக் கணக்கிட்டால் ஆஸ்பிரினில் 10 பேர் அதிகம். 95% இடைவெளி −0.5 முதல் 20.5 வரை. ஜீரோ உள்ளே இருக்கிறது, ஆனால் வாசற்படியில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்த்து "ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு அபாயம் இல்லை" என்று எழுதினால் எப்படி இருக்கும்? இந்தத் தரவோடு ஒத்துப்போகும் உண்மைகளின் பட்டியலில் "ஒன்றுமில்லை" என்பதும் இருக்கிறது, "பத்தாயிரத்துக்கு 20 பேர் கூடுதல்" என்பதும் இருக்கிறது. மொத்தமே 35 பேருக்கு வந்த நோய் இது. 22,000 பேர் இருந்தும் தகவல் அந்த 35 பேரிடம்தான். ஜீரோ உள்ளே இருந்தால் "இல்லை" என்று அர்த்தம் ஆகாது, "இருக்கிறதா இல்லையா என்று இந்தத் தரவால் தீர்மானிக்க முடியவில்லை" என்றுதான் அர்த்தம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஜீரோ உள்ளே இருந்தும் உலகத்தையே மாற்றிய முடிவு ஒன்று நம் சென்னையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து, மறுபகுதியினருக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) ஓய்வும் நல்ல சாப்பாடும் மருந்தும் கொடுத்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86%, சானடோரியத்தில் 92%. முடிவுகள் 1959-ல் வெளிவந்தன.

ஆறு புள்ளி வித்தியாசம். குழுவுக்கு 100 பேர் என்று தாராளமாகவே வைத்தாலும் இடைவெளி −2.6 முதல் 14.6 வரை போகும். ஜீரோ உள்ளே. "இரண்டும் சமம்" என்று சொல்லிவிடலாமா? எண்களை மட்டும் பார்த்தால் முடியாது. சானடோரியம் 14 புள்ளிவரை மேலாகவும் இருக்கலாம் என்கிறது அந்த மேல்முனை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மோசமான முனையே உண்மையாக இருந்தாலும் நம் முடிவு மாறுமா? படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைக்குக் காத்திருந்தால் கிடைப்பது சானடோரியத்தின் 92 அல்ல, மருந்தே இல்லாத நிலை. வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் அதே மையம் தொடர்ந்து பார்த்துச் சொன்னது. வீட்டுச் சிகிச்சை உலகமெங்கும் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பழுதுபார்ப்பு இதுதான்: ஜீரோவைத் தேடுவதை நிறுத்திவிட்டு இரண்டு முனைகளையும் வாய்விட்டுப் படியுங்கள். கீழ்முனை உண்மையானால் என்ன செய்வேன், மேல்முனை உண்மையானால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஜீரோ எங்கே கிடந்தால் என்ன. வெவ்வேறு பதில் வந்தால் இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: தனித்தனி இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஆனால் வித்தியாச இடைவெளியில் ஜீரோ இல்லை

மென்பொருள் பிழையல்ல. மாணவியின் எண்களையே போட்டுப் பாருங்கள். 60%-க்குத் தனி இடைவெளி 53.2 முதல் 66.8. 50%-க்கு 43.1 முதல் 56.9. மூன்று புள்ளிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வித்தியாசத்துக்கோ, ஆஸ்பிரினுக்குப் போட்ட அதே எளிய சூத்திரத்தில் 0.3 முதல் 19.7.

காரணம், பிழைகள் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப்போலக் கூடுகின்றன. ஒரு பக்கம் 6.8, இன்னொரு பக்கம் 6.9, கர்ணம் 9.7. கண்ணால் ஏறுதலைப் பார்ப்பவர் 6.8-ஐயும் 6.9-ஐயும் கூட்டி 13.7 வித்தியாசம் கேட்கிறார். ஒரு குழு மேல்பக்கம் தவறும் அதே சமயத்தில் மற்றது கீழ்பக்கம் தவறுவது அபூர்வம் என்பதை அந்தக் கண் கணக்கில் எடுப்பதில்லை. தனி இடைவெளிகள் தொடாமல் விலகி நின்றால் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். ஏறியிருந்தால் கண்ணை நம்பாதீர்கள், வித்தியாசத்துக்கே இடைவெளி போடுங்கள்.

அறிகுறி: இரண்டு மென்பொருள், இரண்டு விடை

தோழிகளின் சண்டை இங்கேதான். 'ஆர்' மென்பொருளின் 'ப்ராப்.டெஸ்ட்' கட்டளை கேட்காமலேயே தொடர்ச்சித் திருத்தம் ஒன்றை (முழு எண்களில் வரும் எண்ணிக்கையைத் தொடர்ச்சியான வளைகோட்டால் கணக்கிடுவதை ஈடுகட்டும் சிறு விரிவு) சேர்த்துக்கொள்கிறது. குழுவுக்கு 200 பேர் என்றால் அது இரு பக்கமும் அரைப் புள்ளி. 9.7 என்பது 10.2 ஆகிறது, 0.3 என்பது −0.2 ஆகிறது. அந்தத் திருத்தத்துக்கான 'கரெக்ட்' என்ற தேர்வை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தோழியின் விடை வந்துவிடும்.

எது சரி என்றால், இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு வட்டார வழக்குகள். திருத்தம் சேர்த்தது கொஞ்சம் அதிக எச்சரிக்கை, சேர்க்காதது கொஞ்சம் துணிச்சல். ஆய்வேட்டில் எந்த முறை என்று ஒரு வரி எழுதுங்கள், அதுவும் விடையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து. அரைப் புள்ளியில் ஆய்வு ஜெயித்தது தோற்றது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: ஒரு குழுவில் எண்ணிக்கை ஜீரோ, இடைவெளி சந்தேகப்படும்படி குறுகியிருக்கிறது

25 பேரில் ஒருவர்கூட இல்லை. எதிர்க்குழுவில் 25-ல் 3 பேர். எளிய சூத்திரம் முதல் குழுவின் பிழையை ஜீரோ என்றே வைத்துக்கொள்கிறது, ஏதோ 25 பேரைப் பார்த்ததில் ஊரையே பார்த்துவிட்ட மாதிரி. இரண்டு குழுவிலும் ஜீரோ என்றால் இன்னும் வேடிக்கை: இடைவெளி "0 முதல் 0" என்று வரும்.

மருந்து எளிது. புள்ளியியலாளர்கள் அக்ரெஸ்டியும் காஃபோவும் 2000-ல் சொன்னது: ஒவ்வொரு குழுவிலும் ஒரு 'ஆம்', ஒரு 'இல்லை' என்று கற்பனையாகச் சேர்த்துவிட்டு அதே பழைய சூத்திரத்தைப் போடுங்கள். 27-ல் 1, 27-ல் 4. இடைவெளி −0.7 முதல் 24.7 என்று இருந்தது −4.1 முதல் 26.3 ஆகிறது. எக்செல்லிலேயே போட்டுவிடலாம். எந்தக் குழுவிலாவது 'ஆம்' அல்லது 'இல்லை' பத்துக்குக் கீழே போனால் நான் எளிய சூத்திரத்தை நம்புவதில்லை.

அறிகுறி: இரண்டு விகிதங்களும் ஒரே ஆட்களிடமிருந்து வந்தவை

தேர்தல் நேரத்துக் கருத்துக்கணிப்பில் இதைப் பார்க்கலாம். ஒரு கற்பனை: 1,000 பேரிடம் கேட்டதில் ஒருவருக்கு 48%, போட்டியாளருக்கு 43%. ஐந்து புள்ளி முன்னிலை. இரு குழுச் சூத்திரத்தைப் போட்டால் 0.6 முதல் 9.4; "முன்னிலை உறுதி" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே இரு குழு ஏது? இருப்பது ஒரே குழு. ஒருவருக்குப் போகும் வாக்கு மற்றவருக்குக் கிடைக்காத வாக்கு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டு விகிதத்தையும் கூட்டி, வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்து, 1,000-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். இடைவெளி −0.9 முதல் 10.9 ஆகிவிடும். உறுதி போய்விட்டது.

பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று அதே ஆட்களை இருமுறை கேட்பதும் இந்த வகைதான். அங்கே மனம் மாறியவர்களின் எண்ணிக்கைதான் கணக்கு: இல்லையிலிருந்து ஆமுக்கு வந்தவர், ஆமிலிருந்து இல்லைக்குப் போனவர். இணைத்தரவுச் சூத்திரத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: வாய்மொழித் தேர்வில் "95% என்றால் என்ன" என்று கேட்டார்கள், நாக்கு ஒட்டிக்கொண்டது

"உண்மை இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று சொன்னால் தேர்வாளர் சிரிப்பார். 95 என்பது வலை வீசும் முறைக்கான மதிப்பெண், வீசி முடித்த ஒரு வலைக்கானது அல்ல. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான வித்தியாசத்தைப் பிடித்திருக்கும். கையில் இருக்கும் இந்த ஒன்று பிடித்ததா விட்டதா என்று நமக்குத் தெரியாது. இவ்வளவு சொன்னால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அறிகுறி: இடைவெளி குறுகல், ஜீரோ எட்டத்தில், ஆனாலும் முடிவு தப்பு

1973-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44% பேருக்கு இடம் கிடைத்தது. 4,321 பெண்களில் 35% பேருக்கு. வித்தியாசம் 9 புள்ளி, இடைவெளி 7.2 முதல் 10.8. இதைவிடக் கச்சிதமான இடைவெளி கிடைக்காது. பெண்களுக்கு ஓரவஞ்சனை என்று அடித்துச் சொல்லிவிடலாம் போலத்தான் தெரிகிறது.

பிக்கல், ஹாமெல், ஓ'கானெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1975-ல் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். படம் மாறிவிட்டது. துறையின் பெயரைச் சொல்லாமல் 'ஏ' என்று குறிக்கப்படும் ஒன்றில் 825 ஆண்களில் 62% பேர் தேர்வு. 108 பெண்களில் 82%. பெண்கள் பக்கம் 20 புள்ளி அதிகம், இடைவெளி 12 முதல் 28. பெண்கள் பெரும்பாலும் எல்லோருக்குமே இடம் கிடைக்கச் சிரமமான துறைகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மொத்தமாகக் கூட்டியதில் அதுதான் பெண்ணுக்கு எதிரான வித்தியாசமாகத் தோன்றியது.

முதல் இடைவெளியில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இடைவெளிக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆபத்துதான்: மாதிரி எடுப்பதில் வரும் தற்செயல். கலந்துகிடக்கும் வேறு காரணங்களைப் பற்றி அது வாய் திறக்காது. குலுக்கிப் பிரித்த ஆஸ்பிரின் ஆய்வில் "மாத்திரையால்" என்று சொல்ல உரிமை உண்டு, அதுவும் அந்த வயது ஆண் மருத்துவர்களைப் போன்றவர்களுக்கு. குலுக்காத தரவில் "வித்தியாசம் இருக்கிறது" என்பதோடு நின்றுகொள்ள வேண்டும்.

அறிகுறி: ஆட்கள் கொத்துக் கொத்தாக வந்தவர்கள்

இப்போது மாணவியிடம் திரும்புவோம். −0.2, 0.3 சண்டையைத் தீர்த்து வைத்தபின், "ஏம்மா, அந்த 200 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தே?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பக்கமும் அஞ்சு ஸ்கூல் சார். ஸ்கூலுக்கு நாற்பது பேர்."

அங்கேதான் உண்மையான கோளாறு. ஒரே பள்ளியின் நாற்பது பிள்ளைகளும் ஒரே குழாயடியில் நிற்கிறவர்கள். குழாயில் தண்ணீர் வராத பள்ளியில் நாற்பது பேருமே கை கழுவ மாட்டார்கள். நாற்பது தனித்தனிச் சாட்சிகள் அல்ல அவர்கள். பள்ளிக்குள் ஒற்றுமை (ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு; முழுக்க ஒத்திருந்தால் 1) வெறும் 0.05 என்று வைத்தாலும், ஒன்றோடு, மற்ற 39 பேருக்காக 39 மடங்கு 0.05 சேர்ந்து 2.95. இடைவெளியின் அகலம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 1.7 மடங்குக்குச் சற்று மேல் பெருகும். 9.7 என்பது 16.7 ஆகும். −6.7 முதல் 26.7. பக்கத்துக்கு ஐந்தே பள்ளி என்பதால் 1.96 என்ற பெருக்கியும் போதாது, அது இன்னும் விரியும்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. "அப்போ ரெண்டு லேப்டாப்பும் தப்பா சார்?"

ஆமாம் என்றேன். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்ற பத்தி எக்செல்லில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதை அழிக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.